சூப்பர்மோட்டோ மோகம்: வீல் மாத்தினா போதுமா, பிரேக்கை யார் பார்ப்பது?

மண் பாதைக்காகச் செய்த உயரமான பைக். ஆனால் கீழே பார்த்தால், ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருக்கிற மாதிரி சின்ன, அகலமான டயர்கள். ஓட்டுபவர் வளைவில் ஒரு காலை நீட்டிச் சாய்க்கிறார், பின்சக்கரம் லேசாக வழுக்கித் திரும்புகிறது. மொத்தம் 20 நொடி ரீல்தான். பார்த்த கையோடு மெக்கானிக்குக்கு மெசேஜ் பறக்கிறது: “அண்ணா, நம்ம பைக்குக்கும் 17 இன்ச் வீல் போட்டுடலாமா?”

போடலாம். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. அது பிரேக். சூப்பர்மோட்டோ மாற்றத்தில் கண்ணுக்குத் தெரிகிற பாதி வீல் என்றால், உயிரைக் காக்கிற பாதி பிரேக். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டுச் சாலைக்கு வருவதுதான் இங்கே பிரச்சினை.

சூப்பர்மோட்டோ எங்கிருந்து வந்தது?

1979-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பேட் ரேஸ்வேயில் ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்ற போட்டியை நடத்தியது. தார் ரேஸ், மண் ரேஸ், மோட்டோகிராஸ் என மூன்று வகை வீரர்களில் யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பதுதான் நோக்கம். அதனால் டிராக்கில் தாரும் இருந்தது, மண்ணும் இருந்தது. அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சி 1985-உடன் நின்றுபோனது. ஐரோப்பா, குறிப்பாக பிரான்ஸ், அதைப் பிடித்துக்கொண்டு தனி விளையாட்டாகவே வளர்த்தது. 2002 முதல் உலக சாம்பியன்ஷிப்பும் வந்துவிட்டது.

21 இன்ச் போய் 17 இன்ச் ஏன்?

டர்ட் பைக்கின் முன்சக்கரம் வழக்கமாக 21 இன்ச். பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாக ஏறிக் கடக்கும். ஆனால் குறுகலான, கட்டைகள் வைத்த அந்த டயருக்குத் தாரில் பிடிப்பு குறைவு. நல்ல ரோடு டயர்கள் பெரும்பாலும் 17 இன்ச்சில்தான் கிடைக்கின்றன. அதனால்தான் இந்த மாற்றம்.

நம் ஊரில் பலரிடம் இருக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஐ எடுத்துக்கொள்வோம். முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18 டயர். இதற்குப் பதில் முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17 போட்டால் என்ன ஆகும்? டயர் அளவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். முன்சக்கரத்தின் விட்டம் சுமார் 695 மி.மீ.-இல் இருந்து 586 மி.மீ. ஆகிறது. பின்சக்கரம் சுமார் 649-இல் இருந்து 628 ஆகிறது. அதாவது பைக்கின் முன்பக்கம் 5 செ.மீ.க்கு மேல் இறங்குகிறது; பின்பக்கம் 1 செ.மீ. மட்டுமே.

மூக்கு கீழே போவதால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய 2 டிகிரி நிமிர்கிறது. ஹேண்டில் சட்டென்று திரும்பும். சிட்டி வளைவுகளில் செம ஜாலி. அதுவே ஹைவேயில் 100-ஐத் தொடும்போது, நேர்க்கோட்டில் நிலையாகப் போகும் குணம் குறையும். ஃபோர்க்கை கிளாம்பில் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து இதை ஓரளவு சரி செய்யலாம். இதைப் பற்றிப் பேசாமலே வீலை மட்டும் மாட்டித் தருகிற மெக்கானிக் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கம்பெனிகள் இதை எப்படிச் செய்கின்றன?

கேடிஎம்மின் 390 எண்டூரோ ஆர், 390 எஸ்எம்சி ஆர் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எஞ்சின், ஒரே அடிப்படை கொண்ட பைக்குகள். முதலாவது மண்ணுக்கு, இரண்டாவது சூப்பர்மோட்டோ. எண்டூரோவில் 21/18 இன்ச் சக்கரம், முன் டிஸ்க் 285 மி.மீ. எஸ்எம்சி-யில் இரண்டும் 17 இன்ச், முன் டிஸ்க் 320 மி.மீ. ஏபிஎஸ்ஸிலும் அந்தந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற தனி மோட். இவற்றின் அண்ணனான 690 வரிசையிலும் இதே கதைதான்: எண்டூரோவில் 300 மி.மீ., எஸ்எம்சி-யில் 320 மி.மீ. டிஸ்க்.

ஆக, பைக்கை உருவாக்கும் பொறியாளர்களே வீலை மாற்றும்போது பிரேக்கையும், சஸ்பென்ஷனையும், மென்பொருளையும் சேர்த்துத்தான் மாற்றுகிறார்கள்.

பழைய பிரேக்கே போதாதா?

இங்கே ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. சக்கரம் சின்னதானால், அதே அழுத்தத்தில் டயர் தரையைப் பிடித்து நிறுத்தும் விசை கூடும். மேலே சொன்ன கணக்குப்படி முன்பக்கம் சுமார் 19 சதவீதம் கூடுதல். ‘அப்போ பிரேக் தானாகவே அப்கிரேடு ஆகிடுச்சே!’ என்று தோன்றும்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. டர்ட் பைக்கின் டிஸ்க் வேண்டுமென்றேதான் சின்னதாக வைக்கப்படுகிறது. கல் அடிக்கக் கூடாது, மண்ணில் தொட்டவுடன் சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பல்ஸில் அது 276 மி.மீ. ரோடு டயர் போட்டவுடன் பிடிப்பு எகிறுகிறது, வேகமும் கூடுகிறது, வளைவுக்கு வளைவு அழுத்திப் பிடிக்கிறார்கள். கொல்லிமலை, ஏற்காடு மாதிரி இறக்கங்களில் அந்தச் சின்ன டிஸ்க்குக்கு ஆற நேரமே கிடைக்காது. சூடு ஏற ஏறப் பிடிப்பு மங்கும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அது கொதித்து, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

இன்னொன்று ஃபோர்க். எக்ஸ்பல்ஸின் முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. வரை அமுங்கும். மண்ணில் அது வரம். தாரில் ஓங்கிப் பிரேக் பிடித்தால், ஏற்கெனவே இறங்கிய மூக்கு இன்னும் குத்தும். பின்சக்கரம் லேசாகிவிடும். கெட்டியான ஸ்பிரிங் போடாமல் பெரிய டிஸ்க் மட்டும் போடுவதும் பாதி வேலைதான்.

ஏபிஎஸ்ஸுக்குக் கணக்கு தப்பினால்?

125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லா மாடல்களுக்கும் இது வந்தது. சக்கரத்தில் இருக்கும் பல் வளையத்தை சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென்று மெதுவானால், ‘வழுக்குது’ என்று புரிந்துகொண்டு பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும்.

இந்த எண்ணிக்கை எல்லாம் கம்பெனி போட்ட சக்கர அளவை வைத்து எழுதப்பட்டது. மேலே சொன்ன மாற்றத்தில், முன்பு பின்சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றிய முன்சக்கரம் இப்போது வேகமாகச் சுற்றுகிறது. இரண்டு சக்கரத்தையும் ஒப்பிடும் டூயல் சேனல் ஏபிஎஸ்ஸாக இருந்தால், தேவையில்லாத நேரத்தில் தலையிடலாம் அல்லது எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். முன்சக்கரத்தில் இருந்து வேகத்தைக் கணக்கிடும் பைக்கில் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். நிஜத்தில் 60-இல் போனால் 71 என்று காட்டும்.

இதைவிட மோசம், பல் வளையம் பொருந்தாத வேறு ஹப்பைப் போட்டு, சென்சாரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுவது. அந்த நிமிடமே பைக்கில் ஏபிஎஸ் இல்லை. மழை பெய்யும் வரை அது தெரியாது.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

பெரிய டிஸ்க் போட்டால் கேலிப்பரை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு பிராக்கெட் தேவை. 276-இல் இருந்து 320-க்குப் போனால் 22 மி.மீ. தள்ள வேண்டும். மொத்த பிரேக் விசையும் அந்தச் சின்ன உலோகத் துண்டின் மேல்தான் விழுகிறது. லேத்தில் சும்மா வெட்டி, வெல்டு வைத்த பிராக்கெட் வேண்டவே வேண்டாம். அந்த மாடலுக்கென்றே செய்ததா என்று கேளுங்கள்.

நான்கு பிஸ்டன் கேலிப்பர் போடுகிறார்களா? மாஸ்டர் சிலிண்டரும் அதற்குப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ஸ்போக் வீல் கட்டுபவர், ரிம் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பின் டயர் செயினில் உரசுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சில நூறு கி.மீ. ஓடிய பிறகு ஸ்போக் இழுவையை மறுபடி பார்ப்பதும் அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், பொதுச் சாலையில் ஒரு தடை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கிளெய்மை மறுக்கவும் காரணமாகலாம்.

டிராக்குக்கு மட்டும் பயன்படும் பைக் என்றால் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் மூடிய டிராக்குகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டலாம்.

அப்போ தீர்வு?

‘தடை’ என்று மட்டும் சொன்னால், வேலை ஷட்டருக்குப் பின்னால் நடக்கும். அங்கே முதலில் பலியாவது பிரேக்தான். காசு பற்றவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும் வீலை வாங்கிவிட்டு, தெரியாத பிரேக்கைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு.

வழி இல்லாமலும் இல்லை. ஹீரோவே எக்ஸ்பல்ஸுக்கு மண் சவாரிக்கான ராலி கிட் விற்றது; பிறகு 2022-இல் ராலி எடிஷன் என்று கம்பெனியிலிருந்தே பைக்காகக் கொண்டுவந்தது. மண்ணுக்குச் செய்ததைத் தாருக்கும் செய்யலாம். வீல், டிஸ்க், பிராக்கெட், ஏபிஎஸ் மென்பொருள் எல்லாம் சேர்ந்த, சோதித்து அனுமதி வாங்கிய ஒரே கிட். அதை ஷோரூமில் மாட்டி, ஆர்.சி.யில் பதியும் வசதி. இந்தக் கோரிக்கை கம்பெனிகளிடமும் போக்குவரத்துத் துறையிடமும் ஒலிக்க வேண்டும்.

அது வரும் வரை ஒரே ஒரு பேச்சு: பிரேக்குக்கு பட்ஜெட் இல்லை என்றால், வீலுக்கும் பட்ஜெட் இல்லை.