நாளையை விற்று நேற்றை வாங்குவதா?

தோழர்களே! நம் சங்கத்துக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் வேளை இது. "முதலாண்டினர் வேண்டாம், இறுதியாண்டு அண்ணன்மாரே போதும், கோப்பை இவ்வாண்டே வேண்டும்" என்ற பேச்சு ஹெப்பகோடி அறைகளில் பலமாகக் கேட்கிறது.

அமெரிக்காவின் புரூக்ளின் நெட்ஸ் அணியும் இப்படித்தான் எண்ணிற்று. அந்நாட்டுத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் புதிய இளைஞரை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிக்கே முன்வரிசை வாய்ப்பு அதிகம். 2013-இல் நெட்ஸ் தன் 2014, 2016, 2018 முதற்சுற்று உரிமைகளைப் பாஸ்டன் செல்டிக்ஸிடம் கொடுத்தது. 2017-இல் இடமாற்றத்துக்கும் இசைந்தது. முக்கியமாகப் பெற்றது யாரை? 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்சையும்!

விளைந்தது என்ன? 2014-இல் இரண்டாம் சுற்றோடு கனவு கலைந்தது. 2016–17-இல் 82 ஆட்டங்களில் 20 வெற்றிகளே. தோல்வி நெட்ஸுக்கு, அது தந்த உரிமை பாஸ்டனுக்கு! அவ்வுரிமைகளின் வழிவந்த ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் 2024-இல் பாஸ்டனுக்குக் கோப்பை வென்று தந்தனர்.

"2018-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் மூத்தோரைக் கொண்டு வெல்லவில்லையா?" என்பீர். வென்றது. இறுதியாட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் 117 ஓட்டங்கள் குவித்தார். ஆனால் அவருக்குச் சென்னை கொடுத்தது ஏலப் பணம். வருங்கால இளைஞனின் இடமன்று.

மூத்தோர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலையாக எதைக் கொடுக்கிறோம் என்றே கேட்கிறேன். அண்ணன்மார் ஆடட்டும், பன்னிருவரில் நால்வரேனும் முதலாண்டினராகட்டும். அடுத்த ஆண்டும் நமக்கு அணி வேண்டுமன்றோ?