வெள்ளை யூனிபாரமும் மூணு வட்டியும்

‘நர்சிங் படிச்சா போட்ட காசு திரும்புமா?’ நம் சேரிகளில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எழும் கேள்வி இது. கேள்வி தப்பில்லை. பதில் சொல்ல வருகிறவர்கள்தான் தப்பானவர்கள். ஒருத்தன் ஏஜென்ட். இன்னொருத்தர் ‘சேவை’ பேசுகிற பெரிய மனுஷர். இரண்டு பேரிடமும் கணக்கு நோட்டு இல்லை. என்னிடம் இருக்கிறது. என் அக்கா வீட்டு நோட்டு.

அக்கா ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போனவள். 1991-92இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்களோடு சைக்கிள் பழகியவள். கையெழுத்தும் அப்போது கற்றதுதான். ‘எம் புள்ளைக இந்தக் கொட்டைய ஒடைக்கக் கூடாது’ என்பது ஒன்றே அவளுடைய கொள்கை. இரண்டு பெண்களையும் நர்சுக்குப் படிக்க வைத்தாள்.

மூத்தவள் படித்தது ஒரு வருஷ டிப்ளமோ. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியபோது நல்ல நோக்கம் இருந்தது. படிப்பை விட்டு நின்ற ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தருவது. அந்தப் பெயரையும் அந்தப் பாணியையும் எடுத்துக்கொண்டு கடை விரித்தவர்கள் ஏராளம். ‘நர்சிங்’ என்று போர்டு. படிப்போ நோயாளிக்கு உதவியாளர் படிப்பு. தமிழ்நாட்டில் நர்சாகப் பதிவு செய்ய ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் மாதிரி அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். கவுன்சில் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அரசு நர்சு வேலைக்கு மனுப் போடவே முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 25,000 ரூபாய்க்கு ஆடு விற்றாள் அக்கா. பெண்ணுக்குச் சம்பளம் 6,000.

‘பெட்பான் எடுக்க, புண்ணு கழுவ நானு சித்தி. கையெழுத்துப் போட மட்டும் வேற ஆளு’ என்றாள் ஒருநாள். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. ஒரே வார்டு, ஒரே வேலை, ஒருத்திக்குப் பதிவேட்டில் இடம், ஒருத்திக்கு வாசலுக்கு வெளியே இடம். ஊரும் சேரியும் என்று இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

இளையவளுக்கு அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று பி.எஸ்சி. நர்சிங். நாலு வருஷம். ‘கவுன்சலிங்ல ஒங்களுக்கெல்லாம் எடம் கெடைக்காதுக்கா, நேரா சீட்டு வாங்கித் தர்றேன்’ என்றான் ஏஜென்ட். அந்த ‘நேரா’ என்பதன் பெயர் மேனேஜ்மென்ட் கோட்டா. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது 2012ஆம் வருஷத்து 92ஆம் எண் அரசாணை. நாம் போராடிப் பெற்றது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை கிடையாது என்று 2018இல் விதி எழுதியது ஒன்றிய அரசு. ஏஜென்ட்டுக்குக் கமிஷன். அக்காவுக்குக் கடன்.

கணக்கைப் பாருங்கள். கட்டணம் வருஷத்துக்கு 70,000, நாலு வருஷத்துக்கு 2,80,000. ஹாஸ்டல், யூனிபாரம், பரீட்சைப் பணம் 1,20,000. மொத்தம் 4 லட்சம். பாதி நகை, மாடு. பாதி மூணு வட்டிக் கடன். 2 லட்சத்துக்கு மாச வட்டி 6,000. தனியார் ஆஸ்பத்திரியில் அவள் சம்பளம் 12,000. தங்கவும் தின்னவும் 3,500. வட்டி போக மிச்சம் 2,500. அசல் அப்படியே நிற்கிறது. அக்கா இன்னும் கொட்டை உடைக்கிறாள்.

‘அப்ப நர்சிங்கே வேண்டாம்’ என்று நம்மில் படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கிறேன். படிப்பு குறைந்த விலைக்குப் போகவில்லை. படித்தவளைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஏன் இந்த விலை? பீயும் ரத்தமும் தொடுகிற வேலை கீழான வேலை என்று இந்த நாடு எப்போதோ எழுதி வைத்துவிட்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியையும் தீட்டு என்று ஒதுக்கி, படி நெல்லை அளந்து போட்டது. வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்ததே, 2022 டிசம்பரில், அதுவும் இதே மாவட்டத்தில்தான். இங்கே எந்த சாதிக்காரன் படுத்திருந்தாலும் அவன் மலத்தை எடுத்துக் கழுவி, அவனை உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்கிறவள் எங்கள் பெண். அவளுக்குக் கூலி கேட்டால் ‘சேவை’ என்கிறார்கள். சேவைக்கு உதாரணம் காட்டப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு அவர் அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்தார். அவர் சம்பளம் வாங்காமல் சேவை செய்யலாம். எங்க அக்கா அவ்வளவு கொடுக்க முடியாது சாமி.

தனியார்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2015இல் தமிழக அரசு பரீட்சை வைத்து 7,000க்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அந்தப் பெண்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. கொரோனாவில் கைதட்டினோம். அப்போது எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31ஓடு முடித்தார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் என்றது. கேரளத்து நர்சுகள் தெருவில் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அங்கே 20,000 அரசு அறிவிக்கையாக வந்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை.

அந்த 20,000 இருந்தால் எங்கள் நோட்டில் மாசம் மிச்சம் 10,500. இரண்டு வருஷத்தில் அசலும் முடியும். ஆகவே படிப்பு நஷ்டமா என்று எங்களைக் கேட்காதீர்கள். திருடப்பட்ட 8,000 எங்கே என்று கேளுங்கள்.

மாணவத் தோழர்களே, மே மாதம் சேரிக்குப் போங்கள். ஏஜென்ட்டுக்கு முன்னால் போங்கள். பதிவேட்டில் ஏறாத படிப்பு எது, கவுன்சலிங் சீட்டு எப்படி, உதவித்தொகை எதற்கு உண்டு, எதற்குக் கிடையாது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லுங்கள். இயக்கத் தோழர்களே, நம் கோரிக்கைப் பட்டியலில் நிலத்துக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: வேலைக்குத் தக்க கூலி. வார்டுக்குள் இருப்பதும் நம் சேரிதான்.