எல்லாரும் என்றால் யார்?

அடை மழை பெய்து நாவலூர், செம்மஞ்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்கிவிட்டால் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும்: "யாரைச் சொல்லி என்ன பிரயோசனம், ஸார்? எல்லாரும்தான் காரணம்." சொல்கிறவர் முகத்தில் ஒரு ஞானியின் சாந்தம் தவழும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். கேட்பதற்கு அது அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் எழுதித் தருகிற விடுதலைப் பத்திரம் அது.

2015 டிசம்பர் முதல் தேதியை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. அந்தப் பருவ மழையில் மாநிலமெங்கும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். மதகைத் திறந்தவர் யார் என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்விதான். 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையும் அதை மனிதன் செய்த பேரழிவு என்றே சொல்லிற்று. ஆனால் மதகின் கதை அடையாற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடல் சேர வேண்டிய தண்ணீர் அது. அதைத் தங்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை.

அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பரப்பு சுமார் 1,250. மீதியை எந்த ராட்சசனும் விழுங்கிவிடவில்லை. மாநகராட்சி பெருங்குடியில் குப்பை கொட்டிற்று. சர்க்கார் நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கிற்று. ஒருவர் மனைப்பிரிவுக்கு அனுமதி எழுதினார். ஒருவர் லாரி லாரியாக மண் அடித்தார். பாங்க் கடன் கொடுத்தது. கடைசியில் ஒருவர் வாங்கிக் குடிபுகுந்தார். ஒவ்வொருவரும் செய்தது சிறிய காரியம். ஒவ்வொருவர் கையிலும் முத்திரை குத்திய காகிதம். "என் ஒரு லாரி மண்ணாலா வெள்ளம் வந்தது?" என்று கேட்டால், இல்லைதான். அதனால் பிழையும் இல்லையென்று ஆகிவிடுமா?

பதில் தேடி அந்நிய தேசத்துத் தத்துவங்களிடம் போக வேண்டாம், சிலப்பதிகாரம் போதும். கோவலன் சாவுக்குத்தான் எத்தனை காரணங்கள்! பொற்கொல்லனின் பொய், அரசியின் ஊடல், அரசனின் அவசரம், வாளை வீசிய முரடன், எல்லாவற்றுக்கும் மேலே முற்பிறவி வினை. பாண்டியன் இவற்றில் எதன் பின்னாலும் ஒளிந்துகொண்டிருக்கலாம். கட்டளையிட்டது தன் வாய் என்று உணர்ந்தான். அக்கணமே உயிரை விட்டான். ஊழின் வலிமையைச் சொல்ல வந்த காவியமே ஊழைச் சாக்காக ஏற்கவில்லை. நாமோ ஊழுக்கு 'சிஸ்டம்' என்று புதுப் பெயர் வைத்து, அதன் நிழலில் வரிசையாக நிற்கிறோம்.

பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றால், ஆளுக்குப் பத்தில் ஒரு கொலை என்று எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதுவதில்லை. பங்கை அளக்க வேறு கேள்விகள் உண்டு. தெரிந்து செய்தானா? மறுக்க முடிந்ததா? லாபம் யாருக்கு? அனுமதி எழுதியவருக்கு வரைபடம் தெரியும். மறுக்க அதிகாரமும் உண்டு. கட்டி விற்றவருக்குத் தெரியும், லாபமும் அவருடையதே. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார்? நீச்சல் குளத்தைப் பற்றி விசாரித்தவர்கள், மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்றும் விசாரித்திருக்கலாம். சிறிய பிழை, ஆனாலும் பிழை.

ஆனால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறவர்கள்? 2015க்குப் பிறகு, ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் என்று சொல்லி ஏழைகளைப் பெயர்த்து, சதுப்பின் ஓரத்திலேயே குடிவைத்தார்கள். அவர்கள் எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டார்கள்? 'எல்லாரும்' என்னும்போது அவர்களையும் அல்லவா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்! மதுரையை எரித்த கண்ணகிகூட, இன்னின்னாரை விட்டுவிடு என்று தீக்குச் சொல்லித்தான் அனுப்பினாள். அவள் பெயரைக் குடியிருப்புக்கு வைத்த நமக்கு அந்த நிதானம்கூட இல்லை.

ஆகவே, அடுத்த மழையில் யாராவது "எல்லாரும்தான்" என்றால் விடாதீர்கள். எந்த ஸர்வே நம்பர், எந்த வருஷம், யார் கையெழுத்து என்று கேளுங்கள். கேட்டுப் பெறுவதற்கு 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.