சட்டம் உண்டு, சான்று எங்கே?

தொல்பொருள்களை இந்நாட்டிலிருந்து வெளியே கொண்டு செல்வதற்குத் தொல்பொருள் ஆணையாளரின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1940 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்த விதி. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் அவ்விதியை மேலும் வலுப்படுத்தியது. ஆயினும், சட்டம் தானே எழுந்து சென்று துறைமுகத்தில் காவல் நிற்பதில்லை. களவு போன பொருள் நம்முடையதே என நிறுவுவதற்கு நம்மிடம் உள்ள சான்று யாது? இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

தமிழகத்தின் இரு வழக்குகள் இதற்கு விடை கூறுகின்றன. 1976 இல் பத்தூரில் பாழடைந்த சிவன் கோயிலருகே மண்ணை வெட்டிய ஒரு தொழிலாளியின் கையில் நடராசர் திருமேனியொன்று அகப்பட்டது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தது. அதனை மீட்பதற்கு அக்கோயிலே வழக்காளியாக நிற்கலாம் என 1991 இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திருமேனியும் தாயகம் திரும்பிற்று.

மற்றையது சிறீபுரந்தான் நடராசர். களவாடப்பட்ட அத்திருமேனியை 2008 இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன்னரே, 1971 இல், அது நாட்டைவிட்டு வெளியேறியதாகப் பொய்ப் பத்திரம் காட்டப்பட்டது. அப்பொய்யை உடைத்தது எது? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயிலில் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படம்! 2014 இல் திருமேனி மீண்டது.

இனி நம் நிலையை நோக்குவோம். காணிக்கு உறுதி வைத்திருக்கிறோம். மாட்டுக்குக் குறி சுடுகிறோம். ஆண்டவன் திருமேனிக்கும் பாட்டனார் காத்த ஏட்டுக்கும் மட்டும் எழுத்தில் ஒரு வரியும் இல்லை. வெளிநாடு செல்லும் நம்மவர் சிலர், அனுமதி வேண்டும் என்பதையே அறியாது, பழஞ்சுவடிகளைப் பெட்டியில் வைத்துச் செல்லவும் கூடும். அறியாமையைச் சட்டம் மன்னிப்பதில்லை.

“பதிவு செய்தால் பறித்துக்கொள்வார்களே” என்பார் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கெனச் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. நம்பிக்கையைக் கொன்றுவிட்டு மக்களின் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது எங்ஙனம்? அரசினர் இதற்கு விடையிறுக்க வேண்டும். அதுவரை நாம் மறைத்து வைத்தால் நன்மையடைபவன் யார்? கள்வன் ஒருவனே. எவர் கண்ணிலும் படாத பொருளை விற்பதே அவனுக்கு எளிது.

ஆகவே, ஒவ்வோர் ஆலயத்தின் தருமகர்த்தாக்களும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். திருமேனி ஒவ்வொன்றின் உயரம், நிறை, எழுத்துக்கள், உடைவு, கீறல் யாவும் அதில் எழுதப்பட வேண்டும். முன்னும் பின்னும் பீடமும் நிழற்படமாக வேண்டும். ஏடுகளுக்கும் அவ்வாறே. பிரதி ஒன்று ஆலயத்தில், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, பிரதியற்ற ஏடுகள் மீளாது அழிந்ததை நாம் மறக்கலாகாது.

உழும்போது கலப்பையில் பழம்பொருள் தட்டுப்பட்டால் கமக்காரர் அதனை ஒளிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஊரார் முன்னிலையில் படமெடுத்து, எழுத்து மூலம் அறிவித்து, பிரதியைக் கையில் வைத்துக்கொள்க. சட்டம் அறிந்தோர் அதனை எழுதிக் கொடுக்கட்டும். அது கூலி வாங்கிச் செய்யும் தொழிலன்று, கடமை.

எழுதி வைத்தவனுக்கே வழக்கு. எழுதாதவனுக்கு எஞ்சுவது புலம்பல் ஒன்றே.