இயற்கைக்குச் சட்டம் எதற்கு?

ஆண், பெண், நிறம், குடும்பம் என்பவைகளைப் பற்றிச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்வதும் ஒரு படிப்பா என்று, படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களே பரிகாசம் செய்கிறார்கள். 2018ஆம் வருஷத்தில் ஹங்கேரி தேச சர்க்கார், மனிதர்கள் ஆணாகவோ பெண்ணாகவோ பிறக்கிறார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்னும் தோரணையில், ஆண் பெண் நிலைமையைப் பற்றிய பட்டப் படிப்பின் அங்கீகாரத்தையே உத்தரவு போட்டு எடுத்துவிட்டது. நாம் கேட்கின்றோம்: சூரியன் கிழக்கே உதிக்க வேண்டும் என்று எந்தச் சர்க்காராவது சட்டம் செய்ததுண்டா? தானாக நடக்கும் இயற்கைக்குச் சட்டமும் போலீசும் எதற்கு?

இக்கேள்வியையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். அவர் 1910இல் பிறந்த பாலி மர்ரே. கறுப்பர் என்று சொல்லி 1938இல் வட கரோலினா சர்வகலாசாலை அவருக்கு இடம் மறுத்தது. ஹோவர்டு சட்டக் கல்லூரியில் முதல் மாணவராய்த் தேறிய பிறகும், பெண் என்று சொல்லி 1944இல் ஹார்வர்டு கதவடைத்தது. ஒரே ஆளுக்கு ஒரு வாசலில் நிறம் குற்றம். மறு வாசலில் பெண்ணாய் இருப்பது குற்றம். அறிவு எப்படி என்று எந்த வாசலிலும் கேட்பார் இல்லை!

மர்ரே அழுதுகொண்டு உட்காரவில்லை. நிறத்தைப் பற்றிய சட்டங்களை மாகாணம் மாகாணமாய்த் தேடித் தொகுத்தார். 1951இல் வந்த அத்தொகுப்பு 700 பக்கங்களுக்கு மேற்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்திருப்பது இயற்கையானால், பிரித்து வைக்க இத்தனை சட்டங்கள் ஏன்? பள்ளிக்கூட நிறப் பிரிவினையை 1954இல் முறியடித்த வக்கீல்களுக்கு அப்புத்தகம் ஆயுதமாயிற்று. நிறத்துக்குச் சொல்லும் புரட்டே பெண்ணுக்கும் சொல்லப்படுகிறது என்று பிறகு அவர் எடுத்துக்காட்டினார். பெண் என்பதற்காக வேற்றுமை செய்த ஒரு சட்டத்தை 1971இல் முதன்முதலாகச் சுப்ரீம் கோர்ட் தள்ளியபோது, வக்கீல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் தமது வாதப் பத்திரத்தில் மர்ரேயின் பெயரையும் சேர்த்திருந்தார்.

குடும்ப விஷயமோ இன்னும் வேடிக்கை. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதை 1967 வரை 16 மாகாணங்கள் தடுத்து வைத்திருந்தன. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் மணப்பது அத்தேசம் முழுவதும் செல்லுபடியானது 2015இல்தான். மர்ரேக்கு உற்ற துணையாய் இருந்தவர் ஐரீன் பார்லோ என்ற பெண். அவர் 1973இல் இறந்தார்; மர்ரே 1985இல் இறந்தார். அவ்வுறவுக்குச் சட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை. நேற்று இயற்கைக்கு விரோதமென்றது இன்று பதிவுப் புத்தகத்தில் ஏறுமானால், மாறியது இயற்கையா, மனிதன் எழுதிய விதியா?

ஆகவே தோழர்களே! எவனாவது "இது இயற்கை" என்று சொன்னால், அதைக் காவல் காக்கும் சட்டம் எது, அதனால் பிழைக்கிறவன் யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லாதவன்தான் புத்தகத்தை மூடச் சொல்லுவான்.