ஏரிநகரத்தின் கணக்கை யார் பார்ப்பது?

கற்பனை உலகக் கதைகள் வாசிக்கிற ஆக்களிடம் "உங்களுக்குப் பிடிச்ச நகரம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்வ்களின் மாளிகை, வெள்ளைக் கோட்டை, மலையைக் குடைந்து கட்டின அரண்மனை என்று அடுக்குவார்கள். ஏரிநகரத்தை ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஜே. ஆர். ஆர். ரோல்கீன் 1937இல் வெளியிட்ட 'த ஹொபிற்' நாவலில் வருகிற லேக்ரவுன்தான் அது. எஸ்கரொத் என்றும் அதற்கு ஒரு பெயர். கதையின் நாயகர்கள் அங்கே தங்கி, சாப்பிட்டு, படகு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாசகரும் அவர்களோடு சேர்ந்து போய்விடுகிறார். பிறகு அந்த ஊர் எரிகிறது.

அந்த நாவலில் ஆகக் கவனமாகக் கட்டப்பட்ட இடம் இந்த ஊர்தான் என்பது என் கட்சி. சாகசக் கதைகளை யாருடைய பக்கத்தில் நின்று வாசிக்கப் பழகியிருக்கிறோம் என்பதையும் இந்த ஊரே காட்டித் தருகிறது.

முதலில் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். நீள ஏரியின் தண்ணிக்குள் பெரிய மரத்தூண்களை இறக்கி, அதற்கு மேல் கட்டின ஊர் அது. கரையிலிருந்து ஒரு மரப்பாலம். காட்டாறு ஏரியில் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஊர் இருப்பது சும்மா இல்லை. தெற்கிலிருந்து பெரிய ஆறு வழியாகச் சரக்கு வரும். இடையில் அருவி இருப்பதால் படகு ஏறாது. அந்த இடத்தில் சரக்கை வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவர வேண்டும். காட்டு எல்வ்களின் அரசனுக்கு வைன் என்றால் உயிர். ஆனால் அந்தப் பக்கத்தில் திராட்சை விளையாது. ஆகவே தூர தேசத்து வைனும் வெண்ணெயும் அப்பிளும் பீப்பாக்களில் ஆற்றை எதிர்த்துக் காட்டுக்குள் போகும். வெறும் பீப்பாக்களை ஆற்றில் தள்ளிவிட்டால் அவை மிதந்து திரும்பி வரும். சோடாப் போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கிற மாதிரித்தான்.

பில்போ குள்ளர்களைப் பீப்பாக்களுக்குள் அடைத்துத் தப்பவைக்கிற காட்சியை எல்லோரும் ரசிப்போம். ஆனால் அந்தத் தப்பித்தல் நடப்பதற்கு ஒரு வியாபாரப் பாதை ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். யாரோ பீப்பாக்களை எண்ணி, கட்டி, தள்ளி, வாங்கி அடுக்கியிருக்க வேண்டும். நாயகர்கள் தப்பிப் போனது அந்த வேலைக்காரரின் நாளாந்த உழைப்பில் ஏறி. ரோல்கீனுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் வைன் எங்கேயிருந்து வருகிறது என்று நின்று விளக்கம் சொல்கிறார்.

சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். ஏரிக்கு வடக்கே மலையடிவாரத்தில் டேல் என்ற நகரம் ஒரு காலத்தில் செழிப்பாக இருந்தது. குள்ளர்கள் செய்கிற விளையாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன சந்தை அங்கே இருந்தது. முதலாம் அத்தியாயத்தில் தோரின் பழைய பெருமை கதைக்கும்போது ஒரு விசயத்தை மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். தொழில் பழகத் தங்கள் பிள்ளைகளை அனுப்பின தகப்பன்மார் அதற்குச் சாப்பாட்டுச் சாமான்களாகவும் நிறையக் கொடுத்தார்களாம். ஆகவே குள்ளர்கள் தாங்களாக எதையும் விளைவிக்க மெனக்கெடவே இல்லையாம். மலைக்குள் இருந்த அந்தத் தங்க அரசுக்குச் சோறு போட்டது வெளியே இருந்த விவசாயிகள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஸ்மௌக் என்ற வேதாளம், அதாவது நெருப்புக் கக்கும் டிராகன், வந்து மலையைப் பிடித்தபோது அரசு மட்டும் அழியவில்லை. டேல் அழிந்தது, சுற்றியிருந்த நிலம் பாழாய்ப் போனது. ரோல்கீன் பின்னர் எழுதின பிற்சேர்க்கைகளின் கணக்குப்படி 171 வருடம் அது அப்படியே கிடந்தது.

ஏரிநகரம் மிஞ்சியது. ஆனால் பழைய அளவில் இல்லை. வறட்சியில் ஏரி வற்றும்போது முன்பு இருந்த பெரிய நகரத்தின் உக்கிப்போன தூண்கள் வெளியே தெரியும் என்று ரோல்கீன் எழுதுகிறார். ஒரு ஊரின் வரலாற்றைச் சொல்ல அந்த ஒரு காட்சி போதும்.

இப்படிப்பட்ட ஊருக்குள் தோரின் வந்து நின்று, தான் மலையரசனின் பேரன் என்கிறான். சனம் குதூகலிக்கிறது. மலையரசன் திரும்பி வந்தால் ஆற்றில் பொன் ஓடும் என்று பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. ஊர்த் தலைவருக்கு நம்பிக்கை இல்லை, இவர்கள் ஏமாற்றுக்காரர் என்றே நினைக்கிறார். ஆனாலும் சனத்தின் ஆரவாரத்துக்கு எதிராக வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமைக்குக் கிட்ட விருந்து, புது உடுப்பு, வீடு. ஊரில் வேலை வெட்டி நின்று போகிறது. கடைசியில் படகு, குதிரை, சாப்பாடு எல்லாம் கொடுத்து அனுப்புகிறார்கள். "மலைக்குள் போய் அந்த மிருகத்தை எழுப்பினால் அது எங்களிட்டைத்தானே வரும்?" என்று ஊர்ச்சபையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதுதான் நடந்தது. பில்போ ஸ்மௌக்கோடு கதைக்கும்போது, தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பட்டங்களில் 'பீப்பா ஓட்டி' என்றும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறான். ஸ்மௌக்குக்கு அந்த ஒரு சொல் போதும். பீப்பா என்றால் ஏரிக்காரர். இரவோடு இரவாகப் பறந்து போய் ஊரை எரிக்கிறது. பார்ட் என்ற வில்லாளியின் கறுப்பு அம்பு பட்டு அது விழுகிறது. விழுந்ததும் ஊருக்கு மேலேதான். மிச்சமிருந்ததும் நொறுங்கிப் போகிறது.

இங்கே ரோல்கீன் ஒரு கணக்குச் சொல்கிறார். ஊரில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு தப்பினார்கள். அவர்களின் காடு, வயல், மேய்ச்சல் நிலம், மாடுகள், பெரும்பாலான படகுகள் எல்லாம் சேதமில்லாமல் இருந்தன. வேதாளமும் செத்துவிட்டது. ஆகவே நன்றி சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் அப்படி நினைப்பார்கள் என்று எதிர்பார்க்க ஏலாது என்கிறார். ஏரிநகரத்துக்கு வயலும் மாடும் இருந்தது எங்களுக்குத் தெரிய வருவதே இப்படித்தான். எரிந்த பிறகு, மிஞ்சினவற்றின் பட்டியலில்.

அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். முக்கால்வாசி தப்பினால் நாலில் ஒருத்தர் செத்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. தப்பினவர்களிலும் பலர் அந்த இரவின் ஈரத்திலும் குளிரிலும் துக்கத்திலும் நோய்ப்பட்டுப் பிறகு சாகிறார்கள். வருத்தமும் பசியும் வருகிறது. வயல் இருந்தும் ஏன் பசி? குளிர்காலம் வாசலில் நிற்கிறது, அறுவடை முடிந்த காலம். வெட்டினதைக் களஞ்சியத்தில் வைத்திருப்பார்கள், களஞ்சியம் ஊருக்குள் இருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் கமம் செய்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனித்தான் கதையின் உண்மையான வழக்கு வருகிறது. பார்ட் மலைவாசலில் போய் நின்று மூன்று நியாயம் சொல்கிறான். வேதாளத்தைக் கொன்றது நான். அந்தப் புதையலுக்குள் டேல் நகரத்தின் செல்வமும் கலந்திருக்கிறது, நான் அந்த நகரத்துப் பிரபு கிரியனின் வழிவந்தவன். மூன்றாவது, ஏரிக்காரர் உங்களுக்குக் கஷ்டத்தில் உதவினார்கள், அதற்குப் பதிலாக நீங்கள் அழிவைத்தான் கொண்டுவந்தீர்கள், வேண்டுமென்று செய்யாவிட்டாலும். தோரின் விடுகிற பதில் சட்டத்தரணி மாதிரி. இந்தப் பொன் ஸ்மௌக்கினுடையது இல்லை, அது எங்களிடம் களவெடுத்தது, அது செய்த அழிவுக்கு எங்கள் சொத்தில் ஏன் நட்டஈடு? வாங்கின சாமானுக்கும் உதவிக்கும் மட்டும் காலம் வரும்போது விலை தருவோம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விசயத்தை அது மறைக்கிறது. உறங்கிக் கிடந்த வேதாளத்தை எழுப்பினது யார்? முயற்சியின் லாபம் முழுக்க ஒரு பக்கம், ஆபத்து முழுக்க இன்னொரு பக்கம். படகும் சாப்பாடும் கொடுத்ததை விலை போட்டுக் கழிக்கலாம். செத்த காற்பங்குச் சனத்துக்கு எந்தப் பற்றுச்சீட்டு? முதலில் பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்கப்படுகிறது. சண்டை முடிந்து, தோரினும் செத்து, கடைசியில் பார்ட்டுக்குக் கிடைப்பது பதினான்கில் ஒரு பங்கு. அதிலிருந்து அவன் ஏரிநகரத்துக்கும் நிறையப் பொன் அனுப்புகிறான். அதை ஊர்த் தலைவர் அமத்திக்கொண்டு ஓடி, பாழ்நிலத்தில் கூட வந்தவர்களாலும் கைவிடப்பட்டுப் பட்டினியில் சாகிறார். நிவாரணக் காசுக்கு என்ன நடந்தது என்பது நாவலின் கடைசிப் பக்கங்களில், விருந்துக்கு வந்த ஒருவர் சொல்கிற ஊர்ப் புதினமாக வருகிறது.

பீற்றர் ஜக்சனின் படங்கள்மேல் என் முறைப்பாடு இங்கேதான். 2013, 2014இல் வந்த இரண்டாம், மூன்றாம் பாகங்களில் ஏரிநகரம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பனி, ஈரப் பலகை, மீன் என்று வறுமையையும் தாராளமாகக் காட்டுகிறார்கள். ஆனால் தலைவரை முழுக் கோமாளியாக்கி, பொன் ஏற்றின படகில் தப்பி ஓடும்போது செத்த ஸ்மௌக் அவருக்கு மேலேயே விழுந்து நசுக்குகிற மாதிரி முடித்துவிட்டார்கள். தியேட்டரில் கைதட்டலாம். ஆனால் நாவலில் அவர் தப்புகிறார். தப்பி, சனத்தின் கோபத்தைச் சாதுரியமாகக் குள்ளர்கள் பக்கம் திருப்பிவிட்டு, பதவியில் இருந்துகொண்டே நிவாரணத்தை எடுக்கிறார். இரண்டில் எது உண்மைக்குக் கிட்ட என்று நான் சொல்லத் தேவையில்லை. தீயவன் அழிவோடு சேர்ந்தே செத்துவிட்டால் மிச்சம் இருக்கிறவர்கள் நல்லவர்கள், கணக்கு முடிந்தது என்று ஆகிவிடும். அழிவுக்குப் பிறகு வருகிற களவைப் பற்றி எச்சரிக்கிற பகுதி அப்படியே காணாமல் போய்விட்டது.

ரோல்கீனையும் சும்மா விட ஏலாது. ஊர் எரிந்த பிறகு சனம் "பார்ட் எங்கள் அரசன்" என்று கத்தும்போது, இந்த ஊரில் தலைவர்களைத் தெரிவுசெய்வதுதான் வழக்கம், வெறும் சண்டைக்காரரின் ஆட்சி எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு குரல் எழுகிறது. நல்ல கருத்து. ஆனால் அதைச் சொல்ல வைத்திருப்பது படகேறி ஓடின தலைவரைக் கொண்டு. தேர்தலுக்கான வாதத்தைக் கோழையின் வாயில் வைத்தால் வாசகர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எழுத்தாளருக்குத் தெரியும். அரச வம்சத்தில் ஒருத்தன் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற ஆசை இந்த வகைக் கதைகளை இண்டைக்கும் விட்டபாடில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்ட் டேலைத் திருப்பிக் கட்டி அங்கே ஆள்கிறான். ஏரிநகரத்துக்குப் புதிதாய் இன்னொரு தலைவர்தான் வருகிறார், முன்னையவரைவிட விவேகமானவர்.

"சின்னப்பிள்ளைகளுக்கு எழுதின கதை, மாயாஜாலத்துக்குள் போய் அரிசிக் கணக்குப் பார்க்கலாமோ?" என்று சிலர் கேட்பினம். பார்க்கலாம். வைன் எங்கேயிருந்து வருகிறது, எத்தனை பங்கு தப்பியது, எத்தனை பங்கு பொன் கிடைத்தது என்று கணக்கை முதலில் போட்டது ரோல்கீன்தான். அவர் போட்ட கணக்கைக் கூட்டிப் பார்க்கிறதுதான் எங்கள் வேலை. மாயம் வேலை செய்வதற்குக் கீழே நிலம் உறுதியாக இருக்க வேண்டும்.

எங்களுக்குள்ளேயும் இப்ப கற்பனை உலகங்கள் எழுதுகிற ஆக்கள் இருக்கினம். வரைபடம் கீறுகிறார்கள், வம்சாவளி எழுதுகிறார்கள், வாளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். உங்கள் நகரம் ஒரு ஏரிக்கரையிலோ குளத்தடியிலோ இருந்தால் வேறு சிலதையும் யோசியுங்கள். குளம் எப்ப வான் பாயும்? தண்ணி திறக்கிற முடிவு யாருடையது? சிறுபோகம் செய்ய யாருக்குக் காணி கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? சந்தையில் தராசு யாரிட்டை இருக்கு? அரசன் படையோடு ஊருக்குள் வந்தால் அந்தக் கிழமைச் சாப்பாட்டுக்கு யார் கடன்படுவது? குளக்கட்டில் நடந்து வளர்ந்த ஒருத்தருக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எங்கட ஆக்களின் கற்பனைக் கதைகளில் இது இன்னும் நிறைய வர வேண்டும்.

'த ஹொபிற்' முடிகிற இடத்தில் டேல் பள்ளத்தாக்கை மறுபடி உழுது பயிர் செய்கிறார்கள். பாழ்நிலத்தில் வசந்தத்தில் பூவும் பின்காலத்தில் பழமும். ஏரிநகரத்தைப் புது இடத்தில், கரையோரமாக வடக்கே தள்ளிக் கட்டுகிறார்கள். பழைய இடத்தில், தண்ணிக்கு அடியில், உடைந்த தூண்களுக்கு நடுவே ஸ்மௌக்கின் எலும்புகள் கிடக்கின்றன. அதன் உடம்பிலிருந்து உதிர்ந்த ரத்தினக் கற்களும் அங்கேதான். அவற்றை எடுக்க ஒருத்தரும் தண்ணிக்குள் இறங்கவில்லை. புதையலுக்காக அவ்வளவு பேர் செத்த கதையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த புதையலை வேண்டாம் என்று விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினது இந்த ஊர்ச் சனம்தான். அடுத்தமுறை வாசிக்கும்போது அவர்களோடும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.