பெலிசித்தாவின் மூன்றாம் நாள்

மார்ச் 7 புனிதர்கள் பெர்பெத்துவா, பெலிசித்தாவின் நினைவு நாள். மறையுரையில் ஆண்டுதோறும் கேட்பது ஒன்றுதான்: கி.பி. 203, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், அரங்கம், விலங்குகள், வாள். இரண்டு நிமிடத்தில் மரணம் வந்துவிடும். பிரசவ வார்டில் காலம் கழித்து ஓய்வுபெற்ற செவிலியான எனக்கு அந்த அவசரம் பொறுக்கவில்லை. இருவரும் தாய்மார்கள். சாவுக்கு முந்தைய அவர்களுடைய நாட்களையும் சொல்ல வேண்டும்.

பெர்பெத்துவாவுக்கு 22 வயது இருக்கும். வசதியான குடும்பம், கையில் பால்குடிக்கும் ஆண் குழந்தை. சிறையிலிருந்து அவரே எழுதிய இலத்தீன் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. இருட்டு, நெரிசல், புழுக்கம், பணம் பிடுங்கும் காவலர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைப் பற்றிய கவலை என்று எழுதுகிறார். திருத்தொண்டர்கள் இருவர் காவலர்களுக்குக் காசு கொடுத்துச் சில மணி நேரம் நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகுதான், பசியில் துவண்ட பிள்ளைக்குப் பாலூட்ட முடிந்தது. தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையைத் தர மறுத்துவிட்டார். பிள்ளை அதன்பின் பாலுக்கு ஏங்கவில்லை, தனக்கும் மார்பு கட்டி வலிக்கவில்லை, அது கடவுள் செயல் என்று குறித்து வைக்கிறார். பாலூட்டுவது திடீரென்று நின்றால் என்ன வேதனை என்பது தாய்மாருக்குத் தெரியும். விலங்குகள் முன் நிற்கப்போகிறவர் அதையும் எழுதியிருக்கிறார்!

பெலிசித்தா அடிமைப் பெண். அவர் எழுதியது எதுவும் இல்லை. பெர்பெத்துவாவின் குறிப்புகளிலும் அவர் பெயர் வரவில்லை. அவற்றைத் தொகுத்தவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. கைதானபோதே கர்ப்பிணி; அரங்க நாள் நெருங்கியபோது எட்டாம் மாதம். கர்ப்பிணிக்கு மரண தண்டனையை நிறைவேற்ற ரோமச் சட்டம் இடம் தரவில்லை. உடன் தண்டனை பெற்ற கிறிஸ்தவத் தோழர்கள் சாவுக்குப் போய்விட, தான் மட்டும் பின்னால் குற்றவாளிகளோடு சாக நேருமே என்பதுதான் அவர் பயம். எல்லாரும் சேர்ந்து செபித்தார்கள், வலி எடுத்தது. இதற்கே இப்படிக் கதறுகிறாயே, விலங்குகளிடம் என்ன செய்வாய் என்று காவலன் ஒருவன் ஏளனம் செய்தான். இந்த வலியை நானே தாங்குகிறேன், அங்கே எனக்காக இன்னொருவர் தாங்குவார் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பிறந்தது பெண் குழந்தை.

ஓரிரு நாட்களில் அரங்கம். ஆடை களைந்து, வலையால் சுற்றிக் கொண்டுவரப்பட்ட பெலிசித்தாவின் மார்பில் பால் சொட்டியதைக் கண்டு, கொலை பார்க்க வந்த கூட்டமே அதிர்ந்தது. அவரையும் பெர்பெத்துவாவையும் திரும்ப அழைத்து ஆடை உடுத்தி அனுப்பினார்கள். பிரசவமாகி மூன்றாம் நாள் வாக்கில்தான் பால் பெருகி வரும். பழைய ஏடு சொல்வது உடம்பின் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. கூச்சத்தாலோ என்னவோ, இதை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. காட்டுப் பசு முட்டித் தள்ளியதும் பெர்பெத்துவா எழுந்து, விழுந்து கிடந்த பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். உயர்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பெலிசித்தாவின் குழந்தையைக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தன் மகளாகவே வளர்த்தார் என்று ஒரே வரியில் ஏடு முடித்துக்கொள்கிறது. குறைமாதத்தில் பிறந்து, பெற்றவளின் பாலை இழந்த பிள்ளையைப் பிழைக்க வைப்பது லேசான காரியமா? அவர் பெயர்கூடப் பதிவாகவில்லை. முதல் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா பெயர்கள் இருக்கின்றன. வரும் மார்ச் 7 திருப்பலியில் அந்த வளர்ப்புத் தாயையும் நினைத்து ஒரு மன்றாட்டுச் சேர்க்கும்படி எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.